கழுத்து நெறிகட்டிக்கு பயாப்ஸி: கத்தி வைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை

காலில் முள் குத்திப் பழுத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும், சொத்தைப் பல் வலித்தால் தாடைக்குக் கீழே நெறி கட்டும். பாட்டிகளுக்கே தெரிந்த சங்கதி இது. புண் ஆறினால் நெறியும் அமுங்கிவிடும். நான் எழுதப்போவது அப்படி அமுங்காத நெறிகட்டியைப் பற்றி. மூன்று நான்கு வாரம் ஆகியும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, இல்லையென்றால் வளர்கிறது, டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு "சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடலாம்" என்கிறார், கூட வந்தவர்களுக்கு முகம் வெளுத்துவிடுகிறது. அங்கிருந்து என்ன செய்வது?

நான் டாக்டர் இல்லை. என் தங்கைக்குக் கழுத்தின் வலப்பக்கம் கோலிக்குண்டு அளவில் ஒன்று வந்து, அதற்காக மாதக்கணக்கில் அலைந்தபோது கற்றுக்கொண்டது கொஞ்சம், அப்புறம் சொந்தத்தில் யாருக்காவது இப்படி வந்தால் "நீதான் ஏற்கெனவே பார்த்திருக்கியே, கூட வா" என்று கூப்பிட்டுப் போனதில் தெரிந்துகொண்டது மிச்சம். தங்கைக்கு இரண்டு தடவை கத்தி வைக்க வேண்டியதாயிற்று. முதல் தடவையே முடிந்திருக்க வேண்டிய வேலை அது, ஒரு பாட்டில் விஷயத்தில் கோட்டை விட்டோம். அதைப் பின்னால் சொல்கிறேன், இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் அந்தப் பாட்டில் பகுதியைப் படியுங்கள்.

எல்லா நெறிக்கும் கத்தி தேவையில்லை

உடம்பில் சுமார் 600 நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று வீங்குவதைத்தான் நெறி கட்டுவது என்கிறோம். ஒல்லியானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சும்மாவே இரண்டொன்று விரலுக்குத் தட்டுப்படும். பொதுவாக 1 செ.மீ.க்குள் இருந்தால் பதற வேண்டாம், தொடை இடுக்கில் ஒன்றரை, இரண்டு செ.மீ. வரைகூட விட்டுப் பிடிக்கலாம், வெறுங்காலோடு நடக்கிற ஊரில் அந்தக் கணுக்களுக்கு ஓயாத வேலை. முழங்கைக்குச் சற்று மேலே உட்பக்கம் என்றால் அரை செ.மீ.யே அதிகம். காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் தட்டுப்பட்டால் மட்டும் அளவு கிளவு எதுவும் பார்க்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். அதிலும் இடப்பக்கக் குழி என்றால், வயிற்றிலிருந்து மேலே வரும் நிணநீர்க் குழாய் அங்கேதான் வந்து சேர்கிறது, இரைப்பைப் புற்று சிலருக்கு முதலில் அங்கேதான் தலைகாட்டும். ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1848-லேயே இதைக் கவனித்து எழுதியதால் இன்றுவரை அந்தக் கணுவுக்கு அவர் பெயர்தான்.

தொட்டால் வலிக்கிறது, கூடவே தொண்டை வலி, சளி என்றால் இரண்டு வாரம் பார்க்கலாம். வலியே இல்லாமல் கல் மாதிரி இருப்பது, அடியில் ஒட்டிக்கொண்டு நகராமல் இருப்பது, பல கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திராட்சைக் கொத்துபோல் ஆவது, இதெல்லாம் காத்திருக்கிற கேஸ் இல்லை. 100.4 டிகிரிக்கு மேல் விட்டு விட்டுக் காய்ச்சல், ராத்திரியில் பனியன், தலையணை உறையெல்லாம் மாற்ற வேண்டிய அளவுக்கு வியர்வை, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவது (60 கிலோ ஆள் 54 ஆவது), இந்த மூன்றையும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இரவு வியர்வையை "ஃபேன் சரியா ஓடலை" என்று தள்ளிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். காய்ச்சலோடு நெறியும் கட்டியிருந்தால் அக்குள், இடுக்கு, மார்புக்கு அடியில் என்று மறைவான இடங்களில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், டாக்ஸிசைக்ளின் போதும், கத்தி வேண்டாம். வலிப்புக்கு ஃபெனிடாய்ன் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே நெறி கட்ட வைப்பதுண்டு, ஆகவே சாப்பிடுகிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். கட்டியில் விரல் வைத்தால் நாடி மாதிரித் துடிக்கிறதா? அப்படியென்றால் அது கணுவாக இல்லாமல் ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், ஸ்கேன் எடுக்காமல் யாரும் ஊசி வைக்க விடாதீர்கள்.

பயாப்ஸிக்கு முன்னால் சாப்பிடக் கூடாத இரண்டு மருந்து

கிருமித் தொற்று மாதிரித் தெரிந்தால் டாக்டர் முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்ப்பார், அது நியாயம்தான். ஆனால் கட்டி எதனால் என்று தெரிவதற்கு முன்னால் ஸ்டீராய்டு மட்டும் வேண்டாம். பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் எல்லாம் அந்த வகை. நிணநீர்ப் புற்றான லிம்ஃபோமா ஸ்டீராய்டுக்குக் கரையும். கட்டி சுருங்கும், பசி எடுக்கும், வீட்டில் சந்தோஷப்படுவோம், அந்த நேரத்தில் சதை எடுத்தால் மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் பிடிபடாது, இரண்டு மாதம் கழித்து அது திரும்பி வரும். மூச்சுக்குழாய் அழுந்துகிற மாதிரி அவசரம் என்றால் ஆஸ்பத்திரியில் வேறு வழியில்லாமல் கொடுப்பார்கள், அது வேறு கதை. மெடிக்கல் ஷாப்பில் "கட்டி கரைய ஒரு மாத்திரை" என்று கேட்டு வாங்குவதைச் சொல்கிறேன்.

இரண்டாவது, லெவோஃப்ளாக்ஸசின், மாக்ஸிஃப்ளாக்ஸசின் ரகங்கள். இவை காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கிவிடும், அப்புறம் கல்ச்சரில், அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனையில், கிருமி முளைக்காது. காசநோய் சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் "டாக்டர், இதற்குப் பதில் வேறு ஆன்டிபயாடிக் தர முடியுமா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

ரத்த அணு எண்ணிக்கை, எச்.ஐ.வி., மார்பு எக்ஸ்ரே, கழுத்து ஸ்கேன் எல்லாம் பயாப்ஸிக்கு முன்னால் எழுதுவார்கள், எடுத்துவிடுங்கள். எக்ஸ்ரேயில் மார்புக்குள்ளும் கணுக்கள் வீங்கியிருப்பது தெரிந்தால் திட்டமே மாறும்.

ஊசியா, கத்தியா

குழப்பமெல்லாம் இங்கேதான். "பயாப்ஸி" என்ற ஒரே சொல்லை மூன்று வேறு காரியங்களுக்குச் சொல்கிறோம்.

முதலாவது எஃப்.என்.ஏ.சி., ஊரில் "ஊசி போட்டு நீர் எடுக்கிறது" என்பார்கள். 22 முதல் 25 கேஜ் வரையான மெல்லிய ஊசியைக் (கேஜ் எண் கூடக் கூட ஊசி மெலியும்) கட்டிக்குள் விட்டு நாலைந்து தடவை முன்னும் பின்னும் அசைத்து, வருகிற துளியைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துப் பார்ப்பது. மரத்துப்போகிற ஊசிகூடப் பெரும்பாலும் தேவைப்படாது. பத்து நிமிஷ வேலை, ஒன்றிரண்டு நாளில் ரிசல்ட். இதில் வருவது தனித்தனி செல்கள் மட்டும், கோலத்தைக் கலைத்து ஒரு சிட்டிகை மாவு எடுத்த மாதிரி. மாவு அரிசியா சுண்ணாம்பா என்று அதை வைத்துச் சொல்லலாம், கோலம் எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது.

காசநோய்க்கும், வேறு இடத்துப் புற்று கணுவுக்குப் பரவியிருப்பதற்கும் அந்தச் சிட்டிகை பல சமயம் போதும். லிம்ஃபோமாவுக்குப் போதாது. அங்கே செல்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன, கணுவின் இயல்பான அமைப்பு எங்கே கலைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. ஹாட்ஜ்கின் வகையில் இன்னும் மோசம், மொத்தக் கட்டியில் புற்று செல் நூற்றுக்கு ஒன்று இருந்தாலே பெரிய விஷயம், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். 1832-ல் தாமஸ் ஹாட்ஜ்கின் அந்த நோயை எழுதினார், ஆந்தைக் கண் மாதிரி இருக்கும் அந்த செல்லை ஸ்டெர்ன்பெர்க் 1898-லும் டாரத்தி ரீட் 1902-லும் விவரித்தார்கள். இடையில் அத்தனை வருஷம். ஊசி முனையில் அந்த செல் வராமல் போவதில் ஆச்சரியமே இல்லை. அதனால் எஃப்.என்.ஏ.சி.யில் "ரியாக்டிவ்" (ஏதோ தொற்றுக்கு எதிராக வீங்கிய சாதாரணக் கணு) என்று வந்து, கட்டியோ நாளுக்கு நாள் வளர்ந்தால், அந்தக் காகிதத்தை நம்பி வீட்டில் உட்காராதீர்கள்.

இரண்டாவது கோர் பயாப்ஸி. 14 முதல் 18 கேஜ் வரையான தடித்த ஊசி, ஸ்பிரிங் வைத்த துப்பாக்கி மாதிரி "டக்"கென்று சத்தம் வரும், சேமியா இழைபோல் ஒரு துண்டு சதை வரும். நெஞ்சுக்குள், வயிற்றுக்குள் இருக்கும் கணுக்களுக்கு ஸ்கேன் பார்த்துக்கொண்டே இதைச் செய்வார்கள், வெட்டித் திறப்பதைவிட எவ்வளவோ மேல். ஓர் இழையோடு நிறுத்தாமல் நாலைந்து எடுத்தால்தான் மேற்கொண்டு சோதனைகளுக்குச் சதை மிஞ்சும்.

மூன்றாவது எக்ஸிஷன், கணுவை உறையோடு முழுசாக எடுப்பது. லிம்ஃபோமா சந்தேகம் என்றால் இதுதான் முதல் தேர்வு. சர்ஜனிடம் கேட்க வேண்டிய கேள்வி: "எந்தக் கணுவை எடுக்கப் போறீங்க?" கைக்குச் சுலபமாக எட்டுகிறது என்பதற்காகச் சின்னதாக ஒன்றை எடுத்தால், பக்கத்தில் பெரிதாக இருப்பதில் நோயும் கையில் சாதாரணக் கணுவும் என்று ஆகிவிடும். பெரியதை, சந்தேகம் அதிகமுள்ளதை எடுக்க வேண்டும். கழுத்திலும் இடுக்கிலும் இரண்டிலும் இருந்தால் கழுத்துதான், இடுக்குக் கணுவில் பழைய புண்களின் வடுவும் கொழுப்புமாகக் கிடந்து பதில் மங்கலாக வரும். பெட் ஸ்கேன் ஏற்கெனவே எடுத்திருந்தால் அதில் அதிகம் ஒளிர்கிற கணுவைத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஆனால் ஒரு விலக்கு. வெற்றிலை, புகையிலை, பாக்கு, பீடி பழக்கம் உள்ளவர், நாற்பது தாண்டியவர், கழுத்தில் கல் மாதிரிக் கட்டி என்றால் எடுத்தவுடன் கழுத்தைத் திறக்கக் கூடாது. முதலில் காது மூக்கு தொண்டை டாக்டர் வாய்க்குள்ளும் தொண்டைக்குள்ளும் குழாய் விட்டு மூலம் எங்கே என்று பார்க்க வேண்டும், கழுத்துக்கு ஊசியோடு நிறுத்த வேண்டும். அவசரப்பட்டுத் திறந்துவிட்டால் பின்னால் செய்ய வேண்டிய பெரிய ஆபரேஷன் சிக்கலாகிவிடும்.

கழுத்தின் பின்பக்கவாட்டில் கணு இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள். தோளைத் தூக்க வைக்கும் நரம்பு அங்கே தோலுக்குச் சற்று அடியில் ஓடுகிறது, அது அறுபட்டால் கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சட்டை மாட்டுவதே கஷ்டம். "அந்த நரம்பு பக்கத்துல வருமா டாக்டர்?" என்று கேட்டால் அனுபவமுள்ள சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கட்டி பழுத்து மெத்தென்று ஆகி, ஆனால் சூடும் இல்லை பெரிய வலியும் இல்லை என்றால் காசநோய்க் கட்டியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, முன்னோர் கண்டமாலை என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான். இதைக் கீறிச் சீழ் எடுத்துவிட்டால் மாதக்கணக்கில் ஒழுகுகிற புரையாக நின்றுவிடும். ஊசியைக் கட்டியின் நடு முனையில் குத்தாமல், பக்கத்தில் நல்ல தோல் வழியாக மேலிருந்து செலுத்தி உறிஞ்சுவதுதான் முறை.

"கத்தி பட்டால் பரவிடும்" என்று வீட்டில் ஒரு பெரியவராவது சொல்வார். லிம்ஃபோமாவும் காசநோயும் கணுவை முழுசாக எடுப்பதால் பரவுகிற நோய்கள் இல்லை. என்ன நோய் என்று தெரியாமல் மருந்து தொடங்கவும் முடியாது. பெரியவரிடம் வாதாட வேண்டாம், சரி சரி என்று கேட்டுக்கொண்டு தேதியை வாங்கிவிடுங்கள்.

பாட்டில் இரண்டு

என் தங்கைக்கு நடந்தது இது. கணுவை முழுசாக எடுத்தார்கள், பாட்டிலில் போட்டார்கள், பாட்டிலை என் கையில் கொடுத்து "லேப்ல குடுத்துட்டு வாங்க தம்பி" என்றார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்து நாள் கழித்து ரிப்போர்ட்: கிரானுலோமா (அழற்சி செல்கள் திரண்ட சின்னச் சின்ன முடிச்சு) இருக்கிறது, காசநோயாகவும் இருக்கலாம், கிருமியில்லாமலே அப்படி முடிச்சு வருகிற சார்காய்டு நோயாகவும் இருக்கலாம், கிருமிச் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். கிருமிச் சோதனைக்கு எங்கே போவது? கணு முழுவதும் ஃபார்மலினில் ஊறிக் கிடந்தது. ஃபார்மலின் சதையை அழுகாமல் கெட்டிப்படுத்தும், கூடவே அதிலிருக்கும் கிருமியையும் கொன்றுவிடும். செத்த கிருமி கல்ச்சரில் முளைக்காது. மரபணுச் சோதனையையும் அப்படிப்பட்ட சதையில் செய்தால் பிடிபடும் வாய்ப்பு குறைவு. மறுபடி கழுத்தில் இன்னொரு கணு, இன்னொரு கத்தி, இன்னொரு வடு. அந்த ஆஸ்பத்திரி மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, முன்னாலேயே கேட்கத் தெரியாத என் மேலும் கொஞ்சம்.

ஆகவே ஆபரேஷனுக்கு முந்தின நாளே கேளுங்கள்: "சதையை ரெண்டா பிரிச்சு, ஒண்ணு ஃபார்மலின்லயும் ஒண்ணு சலைன்லயும் அனுப்புவீங்களா?" ஃபார்மலினில் போவது மைக்ராஸ்கோப்புக்கு. கிருமி நீக்கிய சலைனில் போவது கல்ச்சருக்கும் சிபிநாட் என்ற மரபணுச் சோதனைக்கும். சிபிநாட் இரண்டு மணி நேரத்துக்குள் காசநோய்க் கிருமி இருக்கிறதா, அது ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான காசநோய் மருந்துக்கு அடங்காத ரகமா என்று சொல்லிவிடும், அரசு காசநோய் மையங்களில் காசு இல்லாமலே செய்கிறார்கள். இந்திய இயந்திரமான ட்ரூநாட்டும் அதே வேலையைச் செய்யும். கல்ச்சர் ஆறு வாரம், பழைய முறை என்றால் எட்டு வாரம்வரை எடுக்கும், ஆனாலும் எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று விரிவாகச் சொல்வது அதுதான், இரண்டையும் கேளுங்கள். லிம்ஃபோமா சந்தேகம் வலுவாக இருந்தால் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற சோதனைக்கும் உயிரோடு இருக்கும் செல்கள் வேண்டும், அதற்கும் ஒரு துண்டு ஃபார்மலின் படாமல் அன்றைக்கே போய்ச் சேர வேண்டும்.

பாட்டில் உங்கள் கையில் வந்தால் முதலில் லேபிளைப் படியுங்கள். பெயர், வயது, தேதி, கழுத்தின் எந்தப் பக்கம், உள்ளே இருக்கும் திரவம் என்ன, எல்லாம் இருக்க வேண்டும். ஃபார்மலின் சதையைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும், சதை பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அங்கேயே சொல்லி ஊற்றச் சொல்லுங்கள். திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள், கண்ணும் மூக்கும் எரியும். சலைன் பாட்டிலுக்கு அவசரம் அதிகம், ஐஸ் பேக் வைத்த டப்பாவில் அன்றைக்கே லேபுக்குப் போக வேண்டும், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. வழியில் டீ குடிக்க நின்றால்கூட வண்டிப் பெட்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அன்றைக்கு

மேலாக இருக்கும் கணு என்றால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து முக்கால் மணியில் முடித்துவிடுவார்கள், சாயங்காலம் வீடு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தவும் கூடாது, ஸ்டென்ட் வைத்தவருக்கு அது ஆபத்து. தையல் ஒரு வாரத்தில் பிரிப்பார்கள். கழுத்து திடீரென்று உப்புவது, மூச்சு முட்டுவது, கட்டு நனைகிற அளவுக்கு ரத்தம், இவை வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள்.

ரிப்போர்ட் வந்த பிறகு

மைக்ராஸ்கோப் ரிப்போர்ட் மூன்று முதல் ஐந்து நாள். "ஐ.எச்.சி. தேவை" என்று போட்டிருந்தால் நிறமேற்றிச் செல்லின் ரகத்தைப் பிரிக்கிற அடுத்த சோதனை, இன்னும் ஒரு வாரம் ஆகும், லிம்ஃபோமாவில் இது இல்லாமல் எந்த மருந்து என்று முடிவெடுக்க முடியாது, தாமதமாகிறதே என்று லேபில் சண்டை போட வேண்டாம்.

"கேசியேட்டிங் கிரானுலோமா" என்றால் நம் நாட்டில் பெரும்பாலும் காசநோய். "நெக்ரோடைசிங் ஹிஸ்டியோசைடிக்" என்று வந்தால் கிக்குச்சி நோயாக இருக்கலாம், 1972-ல் ஜப்பானில் கண்டுபிடித்தது, இளம்பெண்களுக்கு அதிகம் வரும், காய்ச்சலும் கழுத்துக் கட்டியுமாகப் பயமுறுத்திவிட்டுச் சில மாதங்களில் தானாகப் போய்விடும். ஆனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்குகிற லூபஸ் நோய் இல்லை என்று ரத்தச் சோதனையில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். சரியாக எடுத்த முழுக் கணுவில் "ரியாக்டிவ்" என்று வந்தால் நல்ல செய்திதான், இருந்தாலும் மிச்சமிருக்கும் கட்டிகளை ஸ்கேலால் அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள், வளர்ந்தால் மறுபடி போக வேண்டும். "இன்அடெக்வேட்" என்று இருந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, சதை போதவில்லை என்று அர்த்தம்.

லேபிலிருந்து பாரஃபின் பிளாக்கையும் (சதையை மெழுகில் பதித்து வைத்த கட்டை) ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அடையாறுக்கோ வேலூருக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள், வெறும் ரிப்போர்ட்டை வைத்து மருந்து தொடங்க மாட்டார்கள். பிளாக் என்பது மெழுகு, வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் இளகிவிடும்.

தங்கைக்கு இரண்டாவது கணுவைச் சலைனில் அனுப்பினோம், மறுநாளே காசநோய் என்று சிபிநாட் சொன்னது, ரிஃபாம்பிசினுக்கு அடங்குகிற ரகம். ஆறு மாத மாத்திரை, அரசு இலவசமாகக் கொடுத்தது. நிக்‌ஷய் திட்டத்தில் சத்துணவுக்கு மாதாமாதம் பணமும் உண்டு, 2024 நவம்பரிலிருந்து அது 500 ரூபாயிலிருந்து 1000 ஆகியிருக்கிறது, வங்கிக் கணக்கு எண் கொடுக்க மறக்காதீர்கள். இரண்டாவது மாதம் கழுத்தில் பழைய இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று புதிதாக வீங்கியது. மருந்து வேலை செய்யவில்லை என்று அம்மா அழுதேவிட்டாள். டாக்டர் ஊசியால் உறிஞ்சிக் கல்ச்சருக்கு அனுப்பினார், ஒன்றும் முளைக்கவில்லை. செத்த கிருமிகளைப் பார்த்து உடம்பு காட்டுகிற கோபம் அது, காசநோய்க் கணுக்களில் இப்படி ஆவது உண்டு, மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார். நிறுத்தவில்லை. நாலாவது மாதம் அது வற்றியது.